பதினோராம் தட்டு

“இன்னும் ஒரு சுத்து சார், விட்டுடாதீங்க!”

பூட்டு சார் ஸ்பேனரை இரண்டு கையாலும் பற்றித் தொங்கினார். சிலிண்டர் கழுத்தில் நட்டு கிரீச்சிட்டு இறுகியது. விஞ்ஞானி வால்வைத் திறந்தாள். ‘உஸ்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்தில் குப்புறப் படுத்துக் கிடந்தது.

தட்டிப் பார்த்தாள். முள்ளுக்கு ரோஷமே இல்லை.

“புது சிலிண்டர்னு சொன்னீங்க?”

“அட்டை அப்படித்தான் மேடம் சொல்லுது.”

கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது. மூன்று துண்டு. மேலே காலி, நடுவில் உபயோகத்தில், அடியில் முழுசு. சிலிண்டரை மாட்டும்போது அடித்துண்டைக் கிழிக்க வேண்டும், தீர்ந்ததும் அடுத்ததை. இதில் மூன்றும் கல்யாணப் பெண் மாதிரி கசங்காமல் இருந்தன. யாரோ மாட்டி, தீர்த்து, கழற்றி, அட்டையைத் தொடாமலே முழு சிலிண்டர்களின் வரிசையில் நிறுத்திவிட்டார்கள்.

“எந்தப் புண்ணியவான் வேலை இது?”

“நான்தான்,” என்றார் பூட்டு சார்.

விஞ்ஞானிக்குக் காது அடைத்தது. இருபது வருஷமாக லேபில் இருக்கும் டெக்னீஷியன். வானத்தில் மேகம் கூடுவதற்கு முன்பே குடையை எடுத்து வாசலில் வைக்கிற மனுஷன். அவரா?

“போன மாசம் மாட்டும்போது வீட்டுலேர்ந்து ஒரு போன் வந்துச்சு. போட்டது போட்டபடி ஓடிட்டேன். கழட்டினப்பவும் அட்டையைப் பார்க்கலை. தப்புதான். அப்புறமாத் திட்டுங்க. இப்ப நேரம் இல்லை.”

உண்மைதான். நேரம் இல்லை. இன்குபேட்டரின் கண்ணாடிக் கதவுக்கு மேலே சிவப்பு எழுத்து இறங்கிக்கொண்டிருந்தது. கரியமில வாயு ஐந்து சதவீதம் இருக்க வேண்டும். இரண்டு புள்ளி ஒன்று. ஒன்று புள்ளி ஒன்பது.

உள்ளே பதினாறு தட்டுகள். ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். ஒவ்வொன்றும் ஓர் ஆள்.

கைகால்களை அசைக்கும் நரம்புச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதி அந்தப் பதினாறு பேருக்கும். அவர்கள் தோலில் மிளகளவு கிள்ளி எடுத்து, அதை ஆறு மாதம் தாஜா பண்ணி நரம்புச் செல்லாக மாற்றி வைத்திருந்தாள் விஞ்ஞானி. தட்டுக்கு இருபத்துநாலு குழி. பன்னிரண்டில் புது மருந்து, பன்னிரண்டில் மருந்தில்லாத வெறும் திரவம். மருந்துக் குழிகளில் ஒன்றரை மடங்கு செல்கள் பிழைத்திருந்தால் அந்த ஆளுக்கு மருத்துவமனை சிகிச்சையைத் தொடங்கும். தட்டே செத்துவிட்டால் அந்த ஆள் பட்டியலில் இல்லை. மறுபடியும் தோல், மறுபடியும் ஆறு மாதம். அந்த வியாதியில் ஆறு மாதம் என்பது ஒருத்தருக்கு விரல், ஒருத்தருக்குக் கால், ஒருத்தருக்கு மூச்சு.

மற்ற செல் செத்தால் பக்கத்துச் செல் இரண்டாகப் பிரிந்து இடத்தை நிரப்பும். நரம்புச் செல்லுக்கு வாரிசு கிடையாது. போனது போனதுதான்.

அந்தப் பதினாறில் ஒன்று அவளுடைய அண்ணன்.

எது என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. எண்ணுகிற கண்ணில் பாசம் புகுந்தால் பத்து பதினைந்தாகத் தெரியும் என்பதால் தட்டுகளில் எண் மட்டும்தான். எந்த எண் யார், எந்தக் குழியில் மருந்து என்கிற விவரமெல்லாம் டெக்னீஷியன் தன் கையால் எழுதிச் சீல் வைத்த உறையில் அவரிடமே இருந்தது. ஆறு மாதமாக ஒரு முனகல்கூட வெளியே விடாததால் அவருக்கு வந்த பெயர்தான் பூட்டு.

“கேஸ் கம்பெனிக்குப் போன் போட்டாச்சு. ரெண்டு மணி நேரமாகும்னு சொல்றான்,” என்றார் பூட்டு சார்.

“ரெண்டு மணி நேரத்துல எல்லாம் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்துடும் சார்!”

தட்டில் இருக்கும் மீடியம் என்கிற ஊட்டத் திரவம் நலமாக இருந்தால் தக்காளிச் சிவப்பு. வாயு குறையக் குறைய ரோஸ் நிறம். அப்புறம் கத்தரிப்பூ. அந்த நிறம் வந்தால் செல்லின் நீண்ட கிளைகள் மணி கோத்தாற்போல் முடிச்சு முடிச்சாகும், துண்டு துண்டாகும். கதை முடிந்தது.

அவள் ஓடினாள். அதே தாழ்வாரத்தில் கடைசிக் கதவு கல்லீரல் ஆராய்ச்சி லேப். அதன் தலைவியை எல்லோரும் ஈரலம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், நேரிலேயே.

“ஈரலம்மா, உங்க இன்குபேட்டர்ல இடம் வேணும். இப்பவே.”

“வா வா, அக்கா ஞாபகம் கேஸ் தீர்ந்தாத்தான் வருமா உனக்கு?” சொல்லிக்கொண்டே அவள் கதவைத் திறந்துவிட்டிருந்தாள். “என் பிள்ளைங்க முரட்டுப் பசங்க, நெருக்கிக்கிட்டு நிப்பாங்க. உன் நோஞ்சான்களுக்கு ஒரு அடுக்கு காலி பண்ணித் தரேன். எட்டு வைக்கலாம்.”

“பதினாறு இருக்குக்கா.”

“எட்டுதான்டீ தங்கம். மேல் மாடியில மருந்தடிச்சுப் பூட்டி வெச்சிருக்காங்க. வேற போக்கிடம் இல்லை.”

எட்டு.

திரும்பி வந்தபோது பூட்டு சார் மேஜையில் பதினாறு காகிதத் துண்டுகளை மடித்து ஒரு பீக்கரில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன இது?”

“நோட்டுல நாலாம் பக்கம் மேடம். ‘எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாதபோது சீட்டுக் குலுக்க வேண்டும்.’ எழுதினது நீங்க.”

எழுதினாள்தான். ஆறு மாதத்துக்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில், வயிறு நிறையச் சாப்பிட்ட ஒரு மத்தியானத்தில் எழுதினாள். விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

“எடுங்க.”

எடுத்தாள். முதல் சீட்டு இரண்டு. அப்புறம் ஒன்பது. பதினாறு. ஐந்து. ஏழு. பன்னிரண்டு. ஒன்று. எட்டாவது சீட்டைப் பிரிக்கும்போது நகம் காகிதத்தைக் கிழித்தது. பதின்மூன்று.

பதினொன்று வரவில்லை.

பீக்கரில் மிச்சமிருந்த சீட்டுகளையே பார்த்தாள். பதினொன்றுதான் அண்ணன் என்று அவள் எப்போதோ முடிவு கட்டியிருந்தாள். சான்று ஒன்றும் கிடையாது. முதல் மூன்று வாரம் மற்ற தட்டெல்லாம் கிளை விட்டபோது பதினொன்று மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியது. திடீரென்று ஒரு நாள் எழுந்து எல்லோரையும் முந்திக்கொண்டு போனது. பத்து மணிக்கு முன் எழுந்தே பழக்கமில்லாத அண்ணன் வேறெப்படி இருப்பான்? அவனும் அப்படித்தான் செல்போன் ரிப்பேர் கடை நடத்தினான். மத்தியானம் திறப்பான், ராத்திரிக்குள் ஊர் முழுக்க யாராலும் முடியாத மயிரிழைக் கம்பிகளை இணைத்துக் கொடுத்துவிடுவான். அந்த விரல்களுக்கு இப்போது சட்டைப் பொத்தான் ஏழு மலை தாண்டி இருக்கிறது.

“சார்,” என்றாள். “பதினொண்ணை உள்ளே வைக்கலாம்.”

“சீட்டு வரலை மேடம்.”

“ரெண்டை எடுத்துட்டு அந்த இடத்துல பதினொண்ணை வைங்க. ரெண்டு திடமான தட்டு, வெளியில தாக்குப் பிடிக்கும்.”

பூட்டு சார் தட்டுகளை எடுத்து டிரேயில் அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. பதில் மட்டும் ஒரு கணம் தாமதித்து வந்தது.

“வேண்டாம்.”

“நான் சொல்றேன் சார். இது என் லேப்.”

“லேப் உங்களுது. விதியும் உங்களுதுதான். இன்னைக்கு ஒண்ணை மாத்தினா நாளைக்கு இந்தக் கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க. பதினாறு பேருக்கும் வினை.”

“உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? இல்ல அதையும் சேர்த்துப் பூட்டிட்டீங்களா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. தூசி விழுந்ததுபோல் இரண்டு தரம் இமைத்தார். அவ்வளவுதான். இரண்டாம் தட்டை டிரேயின் நடுவில், ஆடாத இடமாகப் பார்த்து வைத்தார்.

“கதவைப் பிடிங்க மேடம். மீடியம் தளும்பக் கூடாது.”

எட்டுத் தட்டும் ஈரலம்மாவிடம் போய்ச் சேர்ந்தன. மிச்சம் எட்டு. இன்குபேட்டரில் சூடு இருந்தது, வாயு இல்லை. சிவப்பு எழுத்து பூஜ்யம் புள்ளி எட்டு. பதினோராம் தட்டின் ஓரக் குழிகளில் ரோஸ் நிறம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

“அவ்வளவுதானா சார்?” அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “கைகட்டிப் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானா?”

பூட்டு சார் இழுப்பறையைக் குடைந்துகொண்டிருந்தார். எட்டு ஜிப் பைகளை எடுத்தார். கழுத்தில் பஞ்சடைத்த குழாய்கள் இரண்டையும்.

“நாம விடுற மூச்சுல கரியமில வாயு எவ்வளவு மேடம்?”

“நாலு, நாலரை…” பாதியில் நிறுத்தினாள். எழுந்து நின்றாள். “சார்!”

“இதுங்க கேக்குறது அஞ்சு. கிட்டத்தட்டப் போதும். தட்டைப் பைக்குள்ளே வெச்சு, குழாய் வழியா ஊதி, ஜிப்பை மூடிச் சூட்டுலயே வெச்சுடுவோம். எச்சில் கிருமியைப் பஞ்சு பிடிச்சுக்கும். பிடிக்கும்னு நம்புவோம். முன்னாடி ஒரு தரம் கரண்ட் போனப்ப செஞ்சு பார்த்திருக்கேன். அது எலிச் செல்லு.”

“பொழச்சுதா?”

“பாதி.”

பாதி என்பது சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

“முதல் பாதி மூச்சை வெளியே விட்டுடுங்க,” என்றார் அவர். “கடைசிப் பாதிதான் கெட்டி. அடிவயித்துலேர்ந்து வரணும்.”

ஊதினார்கள். நாற்பத்தொரு வயது விஞ்ஞானியும் ஐம்பத்தாறு வயது டெக்னீஷியனும் எதிரெதிரே நின்று, பிறந்தநாள் பலூன் ஊதுகிற பிள்ளைகள் மாதிரி கன்னம் உப்ப ஊதினார்கள். பை புடைத்ததும் சட்டென்று ஜிப். அடுத்தது. எட்டும் முடிந்தால் பன்னிரண்டு நிமிஷம் கழித்து மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது சுற்றில் அவளுக்குத் தலை கிர்ரென்றது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“உக்காருங்க. இந்தச் சுத்து நான் பார்த்துக்கறேன்.”

“பதினொண்ணுக்கு மட்டும் நான் ஊதறேன் சார்.”

“எல்லாத்துக்கும் ஒரே அளவு. மூச்சுல ஓரவஞ்சனை கூடாது.”

“தெரியும். கொஞ்சம் கூட்டி ஊத மாட்டேன். நானே ஊதணும், அவ்வளவுதான்.”

இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை. பதினோராம் பையை அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே கையை எடுக்கவும் இல்லை. “மெதுவா,” என்றார். “ரொம்ப மெதுவா ஊதுங்க.”

போன் அலறியது. அண்ணன். விரல் போனதிலிருந்து குரல் கட்டளையில்தான் போன் போடுவான். ஸ்பீக்கரில் போட்டாள்.

“அடியே நரம்பு! பன்னெண்டு மணிக்குப் பேசறேன்னு சொன்னியே? உன் செல்லுங்களுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு இருக்கியா?”

“கேஸ் தீர்ந்துடுச்சு அண்ணா. எட்டுத் தட்டுக்கு வாயால ஊதிக்கிட்டு இருக்கோம்.”

“நான் உள்ளேயா வெளியேயா?”

“தெரியாது. தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது.”

“சரி விடு. ஆட்டோ பிடிச்சு வரட்டுமா? கைதான் போச்சு, வாய் அப்படியே இருக்கு. என் வாயைப் பத்திதான் உனக்குத் தெரியுமே, மூணு சிலிண்டருக்குச் சமம்.”

பூட்டு சார் சிரித்துவிட்டார். ஊதிக்கொண்டிருந்தவர் குழாயை எடுத்துவிட்டு, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் அவர் சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அங்கே யாரு, பூட்டு சாரா? சார், என் தங்கச்சி அழுமூஞ்சி. அழுதாலும் எதையும் சொல்லிடாதீங்க.”

“சொல்லலைப்பா,” என்றார் பூட்டு சார்.

ஒன்பது சுற்று. கேஸ் லாரி வந்தபோது மணி ஒன்றரை. இருவருக்கும் உதடு மரத்து, காதுக்குள் வண்டு ரீங்கரித்தது. ‘உஸ்’ஸென்று வாயு பாய்ந்த சத்தத்தில் விஞ்ஞானி தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பூட்டு சார் புது சிலிண்டரின் அட்டையில் அடித்துண்டைக் கிழித்தார். கிழித்த துண்டை எறியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான்கு மணிக்கு எப்போதும்போல் கிளம்பிப் போனார். நான்கு என்றால் நான்குதான். வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அன்று மாலை அண்ணனுக்குச் சட்டை மாற்றிவிட்டாள். அவன் கையைச் சட்டைக்குள் நுழைக்க அவள்தான் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

“ஒருவேளை நான் போயிருந்தா?” என்றான் அவன். விளையாட்டுக் குரலில்தான்.

“மறுபடி தோல் கிள்ளுவேன்.”

“கிள்ளுறதுக்குத்தான் நீ தங்கச்சியாப் பொறந்தியே. சின்ன வயசுலேர்ந்து அதானே பண்றே.” கொஞ்சம் பொறுத்து, “ஆறு மாசம் கழிச்சு நான் போன்ல இப்படிப் பேச முடியுமான்னு தெரியலைடீ,” என்றான்.

அவள் பொத்தானைப் போட்டாள். ஐந்து பொத்தான். ஐந்தையும் போட்டு முடித்தாள்.

மூன்றாம் நாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தாள். ஊதி வளர்த்த எட்டில் ஏழு தெளிந்த சிவப்பு. பதினாலாம் தட்டில் மட்டும் பஞ்சுபோல் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தது. இருபத்துநாலு குழியும்.

“என் மூச்சா, உங்க மூச்சா சார்?”

“யார் மூச்சோ. எழுதிக்கறேன். அந்த ஆஸ்பத்திரிக்கு நானே பேசி, இந்த வாரமே தோல் எடுக்கச் சொல்றேன்.”

“யாரா இருக்கும் அது…”

“யாரோ ஒருத்தர் வீட்டுல ஒருத்தர்,” என்றார் பூட்டு சார். தட்டை மூடும்போது அதன்மேல் ஒரு கணம் உள்ளங்கையை வைத்தார்.

பதினொன்றைக் கடைசியில்தான் பார்த்தாள். பயந்து பயந்து பார்த்தாள். கிளைகள் நீண்டு, வழவழவென்று, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன. முடிச்சு இல்லை. மணி இல்லை. “பொழச்சுக்கிட்டாங்க சார்!” என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தால் அவர் அங்கே இல்லை. கைகழுவும் தொட்டியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது.

அடுத்த மூன்று வாரம் எண்ணினாள். பாதி மீடியத்தை எடுத்துவிட்டுப் பாதியை விட்டுவைத்துப் புதுசு ஊற்றினாள். முழுக்க மாற்றினால் நரம்புகள் அந்நியம் என்று மிரளும். குழி குழியாக, எது மருந்து, எது வெறுமை என்று தெரியாமல், உயிரோடு இருப்பதை ஒரு கட்டத்திலும் செத்ததை இன்னொரு கட்டத்திலும் போட்டாள். எண்கள் முடிந்தன. பூட்டு சார் உறையை மருத்துவமனைக் குழுவிடம் ஒப்படைத்தார்.

குழுவின் தலைவர் உறையைப் பிரித்தது அவள் அறையிலேதான். குட்டையான, கண்ணாடி போட்ட டாக்டர். எண்ணிக்கையும் பட்டியலும் கம்ப்யூட்டரில் சேர்ந்தன. அவர் வாசித்தார்.

“பதினைஞ்சு தட்டுல ஒன்பது தேறியிருக்கு. ரொம்ப நல்லா வந்தது பதினொண்ணு. ரெண்டு மடங்குக்கு மேல.”

“அண்ணன்,” என்று அவள் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

டாக்டர் பட்டியலைப் பார்த்தார். “உங்க அண்ணனா? அவர் பதினொண்ணு இல்லையே. ரெண்டு.” விரலால் வரியைத் தடவினார். “தேறியிருக்கார். ஒன்றரைக்கு மயிரிழை மேலே. கடைசி ஆளா உள்ளே வந்துட்டார். திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க.”

இரண்டு.

முதல் சீட்டு. ‘ரெண்டை எடுத்துட்டு பதினொண்ணை வைங்க’ என்று அவளே வாயால் சொன்ன இரண்டு. அவளுக்கு மூச்சு ஒரு தரம் உள்ளேயே நின்று, அப்புறம்தான் வெளியே வந்தது. மயிரிழைதானே மிச்சம். அந்த இரண்டு மணி நேரம் வெளியே இருந்திருந்தால்? ஒரு பூஞ்சை பிடித்திருந்தால்? அந்த மனுஷன் எல்லாம் தெரிந்துகொண்டு, திட்டையும் வாங்கிக்கொண்டு, அண்ணனை டிரேயின் நடுவில் வைத்தார்.

“அப்ப பதினொண்ணு யாரு டாக்டர்?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“உங்களுக்குத் தெரியாதா? எண்ணி முடிச்சதும் அவரே சொல்லியிருப்பார்னு நினைச்சேன். முதல் நாளே எங்க கோப்புல எழுத்து மூலமா கொடுத்திருக்காரே.”

கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். அதில், சிலிண்டர் அட்டைகளிலும் நோட்டுகளிலும் அவள் தினமும் பார்க்கிற அதே சின்ன, சீரான கையெழுத்தில் நாலு வரி இருந்தது.

“பதினோராம் எண் என் மனைவி. பட்டியல் என் பொறுப்பில் இருப்பதால் குழுவுக்குத் தெரிவிக்கிறேன். எண்ணுகிறவருக்கு இது தெரிய வேண்டாம். அவருக்கு உள்ளே ஏற்கெனவே ஓர் அண்ணன் இருக்கிறார். அந்தப் பாரமே போதும்.”